பதினான்காம் வளைவில் பத்து நிமிடம்

தன் ஊழியர்களுக்கு மனசு என்று ஒன்று இருப்பது மலைவட்ட அவசரப் பணிகள் வாரியத்துக்குப் போன ஆனி மாதம்தான் தெரியவந்தது. ஊழியர் யாரும் சொல்லித் தெரியவில்லை. மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. மனநலத் தோழமைப் பயிற்சி பெற்றவர்கள் உங்களிடம் எத்தனை பேர், மாத முடிவுக்குள் தெரிவிக்கவும் என்று கேட்டிருந்தார்கள். 'ஒருவருமில்லை' என்று பதில் எழுதும் வழக்கம் வாரியத்தில் கிடையாது. ஆகவே பயிற்சிக்கு ஏற்பாடாயிற்று.

நிலையத்துக்கு ஒருவரை அனுப்பச் சொல்லிச் சுற்றறிக்கை போட்டார்கள். அவர் 'தோழமை ஆதரவாளர்' என்று அழைக்கப்படுவார். தீயையும் விபத்தையும் பார்த்துவிட்டு வரும் சக ஊழியர்களின் மனபாரத்தைக் காதுகொடுத்துக் கேட்பது அவர் வேலை. அவருக்குத் தகுதிகள் பதினொன்று. ஏற்காடு நிலைய அலுவலர் தனபால் பதினொன்றையும் இரண்டு தரம் படித்துவிட்டு, அந்த வாரம் சும்மா இருக்கிற ஆளாக இருக்க வேண்டும் என்று பன்னிரண்டாவதைத் தானே சேர்த்துக்கொண்டார். சும்மா இருந்தது ஆம்புலன்ஸ் ஓட்டுநர் செங்கோடன் ஒருவர்தான்.

"ஏப்பா செங்கோடா, நீ வாயே தொறக்கறதில்ல. பேசாத ஆளுதான் நல்லாக் கேப்பான். போயிட்டு வா" என்றார் தனபால்.

செங்கோடன் சும்மா இருந்ததற்குக் காரணம், அவருடைய வண்டி சேலத்தில் ஒர்க்‌ஷாப்பில் நின்றதுதான். வண்டி அங்கே போனதற்குக் காரணமும் அவரேதான். ஓட்டப் பதிவேட்டில் இரண்டு வருஷத்துக்குள் முப்பத்தேழு தரம், 'இன்ஜின் சூடு, பதினான்காம் வளைவு, பத்து நிமிடம் நிறுத்தம்' என்று தன் கையாலேயே எழுதி வைத்திருந்தார். வாகனப் பிரிவில் யாரோ அதை எண்ணிப் பார்த்துவிட்டார்கள்.

இன்ஜின் ஒரு தரம்கூடச் சூடானதில்லை. செங்கோடனின் வண்டியில் மருத்துவ உதவியாளராக ஆறு வருஷமாக லூர்துசெல்வி வருகிறாள். மலையிலிருந்து ஏற்றிக்கொண்டு போன உயிர் வழியிலோ ஆஸ்பத்திரி வாசலிலோ போய்விட்டால், காலி வண்டியில் திரும்பி ஏறும்போது பதினான்காம் வளைவில் செங்கோடன் வண்டியை ஓரங்கட்டுவார். இறங்கிப் பானட்டைத் தூக்கிவிட்டு, அதற்குள் தலையை விட்டபடி நிற்பார். செல்வி கைப்பிடிச் சுவரில் போய் உட்காருவாள். சில நாள் அழுவாள். சில நாள் ஒரு கேன் தண்ணீர் தீருமட்டும் கையைக் கழுவிக்கொண்டே இருப்பாள். சில நாள் ஒன்றிரண்டு வார்த்தை சொல்வாள். அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். பத்து நிமிடம் ஆனதும் பானட்டைச் சத்தமாக மூடுவார், அவள் வந்து ஏறிக்கொள்வாள். இப்படிச் செய்வோம் என்று இருவரும் ஒரு நாளும் பேசிவைத்ததில்லை. பதிவேட்டில் எதையாவது எழுத வேண்டும், அதனால் பழி இன்ஜின் மேல் விழுந்தது.

வைகாசியில் குப்பனூர் ரோட்டில் பலாப்பழம் ஏற்றிய பிக்கப் ஒன்று கவிழ்ந்தது. பழத்தின் மேல் உட்கார்ந்து வந்த ஒரு பெண் சேலம் போய்ச் சேரும்வரை செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். காலையில் பாலுக்கு உறை ஊற்ற மறந்துவிட்டதைப் பற்றித்தான் வழியெல்லாம் பேசினாள். ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டும்போது பேச்சு நின்றது. பிடி மட்டும் விடவில்லை, நர்சு ஒருத்தி வந்து விரல் விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

அன்றைக்குப் பதினான்காம் வளைவில் செல்வி அழவில்லை. அடுத்தடுத்த வாரங்களில்தான் சொன்னாள். "கண்ண மூடுனா அந்தக் கை எம்பட கையிலயே இருக்குதுங்கண்ணா. தூங்கி நொம்ப நாளாச்சு. வேலைய எழுதிக் குடுத்துட்டு ஊட்டோட இருந்துக்கலாம்னு தோணுது. இங்க வந்து இந்தப் பத்து நிமிசம் உக்காரறதாலதான் ஏதோ ஓடுது. இது நமக்குள்ளயே இருக்கட்டுங்கண்ணா."

செங்கோடனுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. பானட்டுக்குள் தலையை விட்டபடி "ஆகட்டும் கண்ணு" என்று மட்டும் சொன்னார். அந்தக் குறை அவரை அரித்துக்கொண்டே இருந்தது. ஆகவே பயிற்சிக்குப் போகச் சொன்னபோது மற்றவர்களைப் போல அவர் சலித்துக்கொள்ளவில்லை. தூக்கம் போன பிள்ளைக்கு என்ன சொல்ல வேண்டும் என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு, துவைத்த சீருடையில், முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தார். பாவம், கேட்டால் சொல்லுவார்கள் என்று நம்பினார்.

ஏரிக்கரையிலுள்ள ஒரு ரிசார்ட்டில் மூன்று நாள் பயிற்சி. வாசலில் கட்டிய ஃபிளெக்ஸில் இணை இயக்குநர் பாலசுப்பிரமணியம் இரண்டு கைகளாலும் ஒரு இதயத்தை ஏந்திக்கொண்டு சிரித்தார். குத்துவிளக்கு, பொன்னாடை, வரவேற்புரை, முன்னிலை உரை எல்லாம் முடியப் பகல் பன்னிரண்டானது. பிறகு சென்னையிலிருந்து வந்திருந்த பயிற்சியாளர் வசந்த் எல்லோருக்கும் ஒரு அட்டை கொடுத்தார். அதில் ஐந்து முகங்கள் வரைந்திருந்தன: மகிழ்ச்சி, நிம்மதி, உற்சாகம், திருப்தி, லேசான சோர்வு.

"இப்ப உங்க மனசுல என்ன ஃபீலிங் இருக்கோ அதைத் தொட்டுக் காட்டுங்க சார்."

செங்கோடன் அட்டையைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். "கலக்கமா இருக்குதுங்க. அது இதுல இல்லீங்களே."

"அப்ரூவ் ஆனது இந்த அஞ்சுதான் சார். இருக்கிறதிலேயே பக்கத்துல வர்றதை எடுத்துக்கோங்க."

செங்கோடன் திருப்தியைத் தொட்டார். எழுந்து நின்றதோடு தன் கேள்வியையும் கேட்டுவிட்டார். அது மூன்றாம் நாள் பாடத்தில் வரும் என்று வசந்த் அன்பாகச் சொன்னார்.

மதியத்துக்கு மேல் ரகசியம் காப்பது பற்றி வகுப்பு நடந்தது. ஊழியர் ஆதரவாளரிடம் சொல்வது எதுவும் வெளியே போகக் கூடாது. அதை உறுதிசெய்ய, ஊழியர் சொன்னதை முழுமையாக எழுதி, மூன்று பிரதி எடுத்து, நிலைய அலுவலருக்கும் கோட்ட அலுவலகத்துக்கும் தலைமை அலுவலகத்துக்கும் அனுப்ப வேண்டும். உறைகளின் மேல் 'ரகசியம்' என்று சிவப்பு மையில் எழுதுவது கட்டாயம்.

இரண்டாம் நாள் காதுகொடுத்துக் கேட்கப் பழக்கினார்கள். நிமிடத்துக்கு மூன்று தலையசைப்பு, அரை நிமிடத்துக்கு ஒரு 'ம்', எதிரில் இருப்பவர் முகத்தைவிட்டுப் பார்வை நகரக் கூடாது. செங்கோடனுக்கு இது வரவேயில்லை. இருபது வருஷமாக ரோட்டைப் பார்த்துக்கொண்டே பக்கத்து சீட்டில் வரும் பேச்சைக் கேட்டுப் பழகியவர். எதிரில் இருந்தவர் பேசத் தொடங்கியதும் அவர் பார்வை தானாக ஜன்னலுக்குப் போய்விட்டது. 'கவனிக்கும் திறன்: இல்லை' என்று எழுதிக்கொண்டார்கள்.

அடுத்து நடிப்புப் பயிற்சி. அடிவார நிலையத்துத் தீயணைப்பு வீரர் ஆசிர், மனபாரத்தோடு வரும் ஊழியராக நடிக்க வேண்டும். காகிதத்தில் எழுதிக் கொடுத்த வசனத்தை இரண்டு வரி படித்தார். மூன்றாவது வரியில் நின்றார். பிறகு காகிதத்தில் இல்லாத ஒரு குடோனைப் பற்றிப் பேசினார். ஷட்டர் சூட்டில் இறுகிக்கொண்டது, உள்ளே இருந்து தட்டும் சத்தம் கேட்டது, சத்தம் எப்போது நின்றது என்பது தனக்கு நிமிடக் கணக்கில் தெரியும் என்றார். அப்புறம் மேடையிலேயே உட்கார்ந்து தேம்பினார்.

"சூப்பர்!" என்று வசந்த் எழுந்து கைதட்டினார். "இந்த ஒரிஜினாலிட்டியைத்தான் நான் எதிர்பார்த்தேன்!" அரங்கமே எழுந்து கைதட்டியது.

"நடிக்கலீங்க" என்றார் ஆசிர்.

"அதைத்தான் சார் சொல்றேன், நடிக்கிற மாதிரியே தெரியல!"

சிறந்த நடிகர் பரிசு அவருக்கே என்று அறிவிக்கப்பட்டது. கேடயம் வாங்க எழுந்திருக்க அவரால் முடியவில்லை. செங்கோடன் போய் அவரைக் கைத்தாங்கலாக வெளியே அழைத்துக்கொண்டு போனார். ரிசார்ட்டுப் பின்னால் மூடுபனியில் ஏரி இருக்கிற இடம்கூடத் தெரியவில்லை. ஆசிரை ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் விட்டுவிட்டு, இவர் நாலடி தள்ளி முதுகைக் காட்டி நின்றுகொண்டார். எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. உள்ளே அப்போது 'பரிவு' என்ற வகுப்பு நடந்துகொண்டிருந்தது. அதற்கு இருவரும் வரவில்லை என்று குறிக்கப்பட்டது.

"எங்க சார் போனீங்க?" என்று வசந்த் கேட்டார்.

"வெளிய நின்னுட்டிருந்தமுங்க."

"என்ன பேசினீங்க?"

"ஒண்ணும் பேசலீங்க."

"பேசாம எப்படி சார் அவர் சரியானார்? இப்ப டீ குடிக்கிறாரே! இது எந்த டெக்னிக்?"

செங்கோடனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. எழுத மட்டும்தான் தெரியும், அதுவும் இன்ஜினைப் பற்றி மட்டும். தவிர, நல்லது ஏதாவது கிடைக்கும் என்று ஆசையோடு வந்த மனிதர். பதினான்காம் வளைவையும் பானட்டையும் பத்து நிமிடத்தையும் உள்ளபடி சொல்லிவிட்டார். செல்வியின் தூக்கத்தைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. வசந்த் கேட்கக் கேட்க எழுதிக்கொண்டார். முகத்தைவிட்டுப் பார்வை நகரவில்லை, நிமிடத்துக்கு மூன்று தரம் தலையாட்டினார். செங்கோடனுக்குத் தன் வாழ்நாளில் யாரும் இப்படிக் கேட்டதில்லை என்று தோன்றியது.

மூன்றாம் நாள் காலையில் அவர் தன் கேள்வியை மறுபடியும் கேட்டார். தூக்கமின்மை முதல் நாளே முடிந்துவிட்டதாக வசந்த் குறிப்பேட்டைப் பார்த்துச் சொன்னார்.

நிறைவு விழாவில் இணை இயக்குநர் பாலசுப்பிரமணியம் பேசினார்.

"நண்பர்களே, நாற்பது ஆண்டுகளாக நம் ஊழியர்கள் அழுதுகொண்டுதான் இருக்கிறார்கள். நான் மறுக்கவில்லை. ஆனால் எந்த வழிகாட்டு நெறிமுறையும் இல்லாமல் அழுகிறார்கள்! ஒருவர் வீட்டில் அழுகிறார், ஒருவர் குளியலறையில் அழுகிறார். இதில் ஒரு சீர்மை வேண்டாமா? நான் பொறுப்பேற்று மூன்று ஆண்டுகளில் என் அறைக்கு வந்து ஒருவர்கூட அழுததில்லை. நிர்வாகம் அந்த அளவுக்கு நன்றாக நடக்கிறது. ஆள் பற்றாக்குறை என்கிறார்கள். ஆள் கேட்பது மனச்சோர்வின் முதல் அறிகுறி என்று இந்தப் பயிற்சியில்தான் நானே தெரிந்துகொண்டேன். இன்று நம் சாதாரண ஓட்டுநர் ஒருவர் நாட்டுக்கே வழிகாட்டியிருக்கிறார். பதினான்காம் வளைவுத் திட்டத்தை நான் கண்டறிந்ததில் பெருமை அடைகிறேன்!"

செங்கோடனை மேடைக்கு அழைத்துச் சான்றிதழ் கொடுத்தார்கள். கைதட்டல் அடங்கும்முன் கீழே இறங்கிவிட்டார். செல்வியிடம் முதலில் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தபடி நிலையத்துக்கு வந்தார். அங்கே வாகனப் பிரிவின் குறிப்பாணை அவருக்காகக் காத்திருந்தது. ஒர்க்‌ஷாப்பில் பரிசோதித்ததில் இன்ஜினில் ஒரு குறையும் இல்லை, முப்பத்தேழு பொய்ப் பதிவுகளுக்கும் தேதிவாரியாகக் காரணம் எழுதித் தரவும் என்றிருந்தது.

"சார், இதுக்குத்தானுங்க இந்தச் சான்றிதழே குடுத்தாங்க" என்று இரண்டையும் தனபாலின் மேஜையில் வைத்தார்.

தனபால் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "அது பயிற்சிப் பிரிவு, இது வாகனப் பிரிவு. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லப்பா. சான்றிதழச் செவுத்துல மாட்டலாம். இதுக்குப் பதில் எழுதிக் குடு."

செங்கோடன் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினார். தேதியைப் பார்த்ததும் ஆளும் ஞாபகத்துக்கு வந்தது. மாசி ஒன்பது, நாகலூர், பாம்புக்கடி, பெண் குழந்தை, ஒன்பது வயது, கொலுசு ஒன்று வண்டியில் கிடந்தது. சித்திரை இரண்டு, பஸ்ஸுக்கு நின்றிருந்த வாத்தியார், நெஞ்சுவலி, மகளுக்கு போன் போடச் சொன்னார். இப்படி முப்பத்தேழு. எழுதி முடித்தபோது கையெழுத்து அவருக்கே அடையாளம் தெரியவில்லை. ஒரே வாரத்தில் அது திரும்பி வந்தது. தேவையற்ற விவரங்கள் தரப்பட்டுள்ளன, ஐந்தாம் பத்தியில் கேட்டது இன்ஜினின் வெப்பநிலை மட்டுமே என்று குறிப்பு எழுதியிருந்தார்கள்.

இந்த அமளியில் செல்வியிடம் சொல்வது தள்ளிப் போனது. தினமும் வண்டியில் ஏறும்போது சொல்ல நினைப்பார். அவள் "சாப்டீங்களாண்ணா?" என்று கேட்பாள், இவர் "ஆச்சு கண்ணு" என்பார், அதோடு சரி. உண்மையில் அவரால் சொல்ல முடியாமல் இல்லை, சொல்லப் பயந்தார்.

ஆவணியில் பதினான்காம் வளைவில் திறப்பு விழா வைத்தார்கள். கைப்பிடிச் சுவரை இடித்துவிட்டு ஒரு சிமெண்டு பெஞ்சு போட்டிருந்தார்கள். பெஞ்சைவிடக் கல்வெட்டு பெரிசு. கம்பத்தில் ஒரு கேமரா. இணை இயக்குநர் ரிப்பன் வெட்டும்வரை மேலே ஏறும் வண்டிகளையும் கீழே இறங்கும் வண்டிகளையும் நிறுத்திவைத்தார்கள். செங்கோடனும் செல்வியும் வண்டியோடு வரவேண்டும் என்று உத்தரவு. எதற்கென்று செல்விக்குத் தெரியாது. ஏதோ விழா, டீ கொடுப்பார்கள் என்று தலைசீவிப் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"எங்க அந்தம்மா?" என்றார் பாலசுப்பிரமணியம். "வாங்கம்மா, கூச்சப்படாதீங்க. வழக்கமா எப்படி உக்காந்து அழுவீங்களோ அதே மாதிரி உக்காருங்க. செங்கோடன், நீங்க பானட்டைத் தூக்குங்க. அன்னிக்கு விவரமாச் சொன்னீங்களே, அப்படியே நில்லுங்க."

போட்டோகிராபர் கொஞ்சம் சோகமாக இருக்கச் சொன்னார். "அழுகை வரலைன்னா பரவாயில்லம்மா" என்று இணை இயக்குநர் பெருந்தன்மையாகச் சேர்த்துக்கொண்டார். "கர்சீப்பைக் கண்ணுகிட்ட வெச்சுக்குங்க, போதும்."

செங்கோடன் பானட்டைத் தூக்கினார். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அந்த இடத்தில் அவர் திரும்பிப் பார்த்தார். செல்வி பெஞ்சின் நுனியில் கர்சீப்போடு உட்கார்ந்திருந்தாள். நடுரோட்டில் துணி உருவப்பட்டவளைப் போல இருந்தாள். அவள் கேமராவைப் பார்க்கவில்லை. இவரைத்தான் பார்த்தாள்.

"நீங்களாண்ணா சொன்னீங்க?"

"கண்ணு... உன்ற நல்லதுக்குத்தான்..."

"ரெண்டு பேரும் பேசாதீங்க, மூஞ்சி அசையுது" என்றார் போட்டோகிராபர்.

அதன் பிறகு முறைப்படி எல்லாம் நடந்தது. உயிர் போன ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் வண்டி பதினான்காம் வளைவில் கட்டாயம் நிற்க வேண்டும். ஊழியர் ஒரு பதிவேட்டில் தன் மனநிலைக்கு ஒன்றிலிருந்து ஐந்துக்குள் எண் போட வேண்டும். தோழமை ஆதரவாளர் மேலொப்பம் இட வேண்டும். இரண்டு தரம் மூன்றுக்குக் கீழே போட்டவர், மனம் தெளியும்வரை வண்டியில் ஏறாமல் சேலத்து ஸ்டோரில் கையுறை எண்ண வேண்டும். முதல் மாத முடிவிலேயே வாரியத்தின் மனநலம் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டாக உயர்ந்தது. ஏற்காடு நிலையம் நூற்றுக்கு நூறு. தனபால் அதையும் சட்டம் போட்டு மாட்டினார்.

புரட்டாசியில் ஒரு எஸ்டேட்டில் மரம் கவாத்து செய்ய ஏறிய ஆள் கிளையோடு விழுந்துவிட்டான். கல்யாணமாகி ஒரு மாதம். அடிவாரத்து முதல் வளைவு தாண்டும்வரை செல்வி அவன் நெஞ்சை அமுக்கிக்கொண்டே வந்தாள். அதன் பிறகு அமுக்கிப் பயனில்லை என்று தெரிந்தும் ஆஸ்பத்திரிவரை நிறுத்தவில்லை.

திரும்பும்போது பதினான்காம் வளைவில் நின்றார்கள். பெஞ்சில் ஈரோட்டிலிருந்து வந்த குடும்பம் ஒன்று மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தது. ஏனுங்க, ஒரு போட்டோ எடுத்துக் குடுக்கறீங்களா என்று அந்த வீட்டம்மா செல்வியிடம் போனை நீட்டினாள். செல்வி எடுத்துக் கொடுத்தாள். பிறகு வண்டியில் ஏறி, பதிவேட்டை மடியில் வைத்து, ஐந்து போட்டுக் கையெழுத்திட்டு நீட்டினாள். எல்லாமாக ஒரு நிமிடம் ஆகியிருக்கும். செங்கோடன் அதை வாங்கி ஒப்பம் வைத்தார்.

இரண்டு வளைவு தாண்டி, ஆளும் பெஞ்சும் கேமராவும் இல்லாத ஒரு இடத்தில் அவர் வண்டியை ஓரங்கட்டினார்.

"எதுக்குங்க நிறுத்தறீங்க?"

"சும்மா... இன்ஜினு..."

"இன்ஜினுக்கு ஒண்ணுமில்லைன்னுதான் ஒர்க்‌ஷாப்புலயே எழுதிக் குடுத்துட்டாங்களே."

செங்கோடன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ரோட்டையே பார்த்தார். "நாஞ்சொன்னது தப்புத்தான் கண்ணு" என்றார். இத்தனை மாதமாகக் கேட்காததை அவர் கடைசியில் கேட்டுவிட்டார். "தூக்கம் வருதா?"

"பதிவேட்டுல போட்டிருக்கறனுங்க. நொம்ப நல்லா இருக்கறேன். நீங்கதான ஒப்பம் வெச்சீங்க." செல்வி சீட் பெல்ட்டைச் சரிசெய்துகொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். "போலாமுங்க, சார்."

செங்கோடன் கியரைப் போட்டார். ஆறு வருஷம் அவளுக்கு அண்ணனாக இருந்த மனிதரை வாரியம் மூன்றே நாளில் ஆதரவாளர் ஆக்கியிருந்தது.